மழலைக்கு முன்னும் பின்னும்

வயது முதிர்ந்த ஒருவர் புதிய பாஷை ஒன்றைக் கற்கத் தொடங்கினால் அவர் படும் சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. இலக்கணப் புத்தகமும் அகராதியும் வாங்கி, விடியற்காலையில் எழுந்து வினைச்சொற்களை உருப்போட்டு, ஆசிரியர் ஒருவருக்குச் சம்பளமும் கொடுத்து, இரண்டு மூன்று வருஷங்களைக் கழித்த பின்பும், அந்தப் பாஷைக்கு உரியவர் எதிரே வந்து இயல்பாக நான்கு வார்த்தை பேசிவிட்டால் திகைத்து நின்றுவிடுகிறார். சட்டைப் பொத்தானைத் தானே மாட்டிக்கொள்ளத் தெரியாத மூன்று வயதுக் குழந்தையோ, 'வந்தான்', 'வந்தா', 'வந்தாங்க' என்று ஆணையும் பெண்ணையும் மரியாதைக்கு உரியவரையும் பிரித்து, யாரிடமும் பாடம் கேட்காமல், எந்தச் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யாமல், சரளமாகப் பேசிக்கொண்டு திரிகிறது.

இதை நாம் தினந்தோறும் கண்டு பழகிவிட்டதால் நமக்கு இதில் ஆச்சரியம் தோன்றுவதில்லை. பெரியவர்கள் பேசுவதைப் பார்த்துக் குழந்தையும் பேசுகிறது என்று ஒரே வாக்கியத்தில் விஷயத்தை முடித்துவிடுகிறோம். அறிஞர் உலகத்திலும் ஏறக்குறைய இதே அபிப்பிராயம் வெகு காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1957-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர், பேச்சும் மற்ற நடத்தைகளைப் போலவே பழக்கத்தினாலும் அதற்குக் கிடைக்கும் பலனாலும் உறுதிப்படுவதே என்று ஒரு நூல் எழுதினார். 1959-இல் அந்நூலுக்கு மதிப்புரை எழுதிய நோம் சாம்ஸ்கி என்ற இளைஞர், ஒருபோதும் காதில் விழாத வாக்கியங்களையும் குழந்தை தானே அமைத்துப் பேசுகிறதே, அதை வெறும் பழக்கம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு, பாஷைக்குரிய அடிப்படைச் சக்தி மனிதப் பிறவியோடு கூடவே வருகிறது என்று வாதித்தார். அந்த விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை. ஆயினும் அதன் பயனாக, ஆராய்ச்சியாளர்கள் தர்க்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, பேசத் தெரியாத பச்சிளஞ் சிசுக்களையே நேரில் விசாரிக்கப் புறப்பட்டார்கள். அந்த விசாரணையில் வெளியான சில உண்மைகளைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிசுவை எப்படி விசாரிப்பது? அதற்கு வாய்மொழி கிடையாது. ஆனால் சப்பத் தெரியும், தலையைத் திருப்பத் தெரியும், ஒன்றை உற்றுப் பார்க்கத் தெரியும். இந்த மூன்றையும் பதிலாகக் கொள்ளும் உபாயங்களை விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர்க் காம்பு ஒன்றை வைத்து, அதை ஓர் ஒலிக்கருவியோடு இணைத்தார்கள். குழந்தை சப்புவதற்கிடையே விடும் இடைவெளியை ஒரு விதமாக மாற்றினால் அதன் தாயின் குரல் கேட்கும். வேறு விதமாக மாற்றினால் மற்றொரு பெண்ணின் குரல் கேட்கும். சிறிது நேரத்திற்குள் அக்குழந்தைகள், தம் தாயின் குரல் எந்த விதத்தில் கேட்குமோ அந்த விதமாகவே தம் சப்பலை அமைத்துக்கொண்டன. பிறந்த பிறகு தாயோடு அவை கழித்த நேரம் மிகச் சொற்பம். ஆகவே அக்குரலின் அறிமுகம் கருப்பையிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

கருவின் செவி ஏறக்குறைய ஆறாம் மாதத்திலிருந்தே ஒலிக்கு அசையத் தொடங்குகிறது. தாயின் உடலையும் கருப்பையின் நீரையும் கடந்து செல்லும்போது பேச்சின் கூர்மையான ஒலிகள் மழுங்கிவிடுகின்றன. ஏற்ற இறக்கமும் தாள கதியும் மட்டும் ஓரளவு தெளிவாகச் சென்று சேர்கின்றன. எனவே குழந்தை தன் தாய்மொழியை முதன்முதலில் ஒரு ராகமாகவே அறிகிறது எனலாம். பிறந்து நான்கு நாளே ஆன பிரெஞ்சுக் குழந்தைகள் பிரெஞ்சுப் பேச்சையும் ரஷ்யப் பேச்சையும் வேறுபடுத்தி அறிவதை 1988-இல் ஜாக் மேலர் குழுவினர் காட்டினார்கள். 2009-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இதைவிட விநோதமானது: பிரெஞ்சுச் சிசுக்களின் அழுகை கீழிருந்து மேலே ஏறுவதாகவும், ஜெர்மன் சிசுக்களின் அழுகை மேலிருந்து கீழே இறங்குவதாகவும் அமைந்திருக்க, அந்தந்த மொழியின் பேச்சோசைக்கும் அவ்வேற்ற இறக்கத்திற்கும் பொருத்தம் இருப்பது தெரியவந்தது.

ராகத்தை அறிவது வேறு, எழுத்தொலிகளை அறிவது வேறு. 1971-இல் பீட்டர் ஐமாஸ் முதலானோர், ஒரு மாதமும் நான்கு மாதமும் ஆன குழந்தைகளுக்கு, ஆங்கிலத்தில் 'பா' என்னும் வல்லோசையையும் அதன் மெல்லிய இணையொலியையும் ஒலிக்கச் செய்து பார்த்தார்கள். ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் குழந்தைக்குச் சலிப்புத் தட்டிச் சப்பும் வேகம் குறையும். ஒலி மாறியதை அது உணர்ந்தால் வேகம் மீண்டும் ஏறும். அந்த இரண்டு ஒலிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கால அளவே ஆயினும், பச்சிளங் குழந்தைகள் அதைத் தவறாமல் கண்டுகொண்டன.

இதன் தொடர்ச்சியாகக் கனடாவின் வான்கூவர் நகரத்தில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் நடத்திய பரிசோதனை, தமிழர்களாகிய நமக்கு விசேஷமான சுவை உடையது. ஏனெனில் அவர்கள் எடுத்துக்கொண்டது நம் மொழியிலும் உயிர்நாடியாக உள்ள தகர டகர வேறுபாடு. 'பத்து' என்பதற்கும் 'பட்டு' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் செவியில் விழுந்த மாத்திரத்தில் தெளிவாகிறது. நாக்கின் நுனி பல்லைத் தொடுவதும், மேலே வளைந்து அண்ணத்தைத் தொடுவதும் வெவ்வேறு எழுத்துக்கள் என்பதில் நமக்குச் சந்தேகமே எழுவதில்லை. ஹிந்தி பேசுவோருக்கும் அப்படியே. ஆங்கிலம் மட்டுமே பேசிப் பழகியவருக்கோ இவ்விரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன.

பரிசோதனை நடந்த விதம் இது: குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்திருக்கும். ஒலிபெருக்கியிலிருந்து ஹிந்தித் தகர ஒலி ஒன்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். திடீரென்று அது டகர ஒலியாக மாறும். மாறிய அந்தச் சமயத்தில் குழந்தை தலையைத் திருப்பினால், பக்கத்தில் இருண்டிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்து, அதனுள் ஒரு மிருக பொம்மை அசைந்து ஆடும். ஒலி மாறாதபோது திரும்பினால் ஒன்றும் தெரியாது. தாய் தன்னை அறியாமலே ஜாடை காட்டிவிடக் கூடாது என்பதற்காக அவள் காதில் இசை கேட்கும் ஹெட்போன் மாட்டப்பட்டிருக்கும். இவ்வளவு ஜாக்கிரதையோடு பரீட்சித்ததில், ஆங்கிலக் குடும்பங்களில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், தம் பெற்றோருக்குக்கூடப் பிடிபடாத தகர டகர வேறுபாட்டைக் கண்டுபிடித்துத் தலையைத் திருப்பின. ஆனால் 1984-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, பத்து முதல் பன்னிரண்டு மாதத்திற்குள் அத்திறமை அக்குழந்தைகளிடம் பெரும்பாலும் மறைந்துவிட்டது; ஹிந்தி பேசும் குடும்பத்துக் குழந்தைகளிடமோ அது அப்படியே நிலைத்திருந்தது.

ஆகவே குழந்தை பிறக்கும்போது உலகத்து மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு செவியோடு பிறந்து, முதல் பிறந்தநாள் வருவதற்குள் தன் வீட்டு மொழிக்கு உரிய செவியை அமைத்துக்கொள்கிறது. இதை நஷ்டம் என்று எண்ணி வருந்த வேண்டியதில்லை. எந்த வேறுபாடு பொருளை மாற்றுகிறதோ அதைக் கூர்மையாக்கிக்கொண்டு, மற்றவற்றைப் பொருட்படுத்தாமல் விடுவதுதான் மொழி கற்பதின் முதற்படி.

இந்த மாறுதலுக்கு மூளையில் ஆதாரம் உண்டு. பிறக்கும்போது 350 முதல் 400 கிராம் வரை எடையுள்ள மூளை, இரண்டு வயது முடிவதற்குள் வளர்ந்தவரின் மூளை அளவில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. புதிய நரம்பணுக்கள் பெருகுவதைக் காட்டிலும், இருக்கும் நரம்பணுக்கள் கிளை விட்டு ஒன்றோடொன்று இணைவதாலும், அவற்றின் நீண்ட இழைகள்மேல் மயலின் என்னும் கொழுப்புறை படிவதாலும் ஏற்படும் வளர்ச்சியே இதில் அதிகம். சிகாகோவைச் சேர்ந்த பீட்டர் ஹட்டன்லாக்கர் என்ற மருத்துவர், இறந்தவர்களின் மூளைத் திசுக்களை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து அவ்விணைப்புகளைப் பல வருஷங்கள் எண்ணிப் பார்த்தார். குழந்தைப் பருவத்தில் இணைப்புகள் தேவைக்கு மிஞ்சியே முளைக்கின்றன என்பதும், செவிக்குரிய பகுதியில் அவை சுமார் மூன்றாம் மாதத்திலேயே உச்சத்தை அடைகின்றன என்பதும், யோசனைக்கும் திட்டமிடுவதற்கும் உரிய முன்மூளையில் அந்த உச்சம் வெகு தாமதமாகவே வருகிறது என்பதும் அவர் கண்ட உண்மைகள். பலர் நடந்துபோகும் இடத்தில் வயலின் குறுக்கே ஒற்றையடிப் பாதை உறுதிப்படுவது போல, அடிக்கடி கேட்கும் ஒலிகளால் தூண்டப்படும் இணைப்புகள் உறுதியடைகின்றன. தூண்டப்படாதவை நாளடைவில் நீங்குகின்றன.

ஒலிகளைப் பிரித்தறிந்தால் மட்டும் போதுமா? நாம் எழுதும்போது சொல்லுக்குச் சொல் இடம் விடுகிறோம். பேசும்போது அப்படி விடுவதில்லை. சங்கிலித் தொடராக வரும் ஓசையில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல் எதுவும் தெரியாத குழந்தை எப்படிக் கண்டுகொள்ளும்? 1996-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் ஆகிய மூவரும் இதற்கு ஒரு விடை கண்டார்கள். 'பிடாக்கு', 'படோட்டி', 'கோலாபு', 'டுபீரோ' என்பன போன்று, பொருளற்ற மூவசைச் சொற்கள் சிலவற்றை அவர்கள் புனைந்து, அவற்றை மாற்றி மாற்றி, இடைவெளியோ அழுத்தமோ ஏற்ற இறக்கமோ இல்லாமல், இயந்திரக் குரலில் இரண்டே நிமிஷம் எட்டு மாதக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். அதில் சொல்லின் எல்லையைக் காட்டும் அடையாளம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு சொல்லுக்குள் முதலசையைத் தொடர்ந்து எப்போதும் அதே இரண்டாம் அசை வரும், சொல் முடிந்த இடத்தில் மட்டும் அடுத்து வருவது இன்னதென்று நிச்சயம் இராது. பின்னர் சோதித்தபோது, உண்மையான 'சொற்களை'க் காட்டிலும், இரண்டு சொற்களின் துண்டுகளை ஒட்டி அமைத்த புதிய சேர்க்கைகளையே குழந்தைகள் அதிக நேரம் உற்றுக் கேட்டன. பழகியது எது, புதியது எது என்பது அவற்றுக்கு விளங்கிவிட்டது என்பதே இதன் பொருள்.

நம் வீடுகளிலும் இந்தக் கணக்கு இடைவிடாமல் நடைபெறுகிறது. 'பாப்பாவுக்குப் பசிக்குதா', 'பாப்பாவைத் தூக்கணுமா', 'பாப்பா தூங்கிட்டாளா' என்று தாயும் பாட்டியும் மாறி மாறிக் கொஞ்சும்போது, பின்னால் வருவன மாறிக்கொண்டிருக்க, முன்னால் உள்ள இரண்டு அசைகள் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதில்லை. கொஞ்சும்போது நாம் நம்மை அறியாமலே குரலை உயர்த்தி, வார்த்தைகளை நீட்டி, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறோமே, அந்த வழக்கமும் இந்தக் கணக்குக்குப் பெருந்துணை புரிகிறது. 2012-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளே உணவுப் பொருள்கள், உடலுறுப்புகள் ஆகிய சிலவற்றின் பெயர்களைக் கேட்டதும் உரிய படத்தை நோக்குகின்றன. முதற்சொல் வாயில் வருவதற்குப் பல மாதம் முன்பே சொற்பொருள் மனத்தில் குடியேறிவிடுகிறது.

ஆறேழு மாதத்தில் 'பபபப', 'மமமம' என்று ஒரே அசையை அடுக்கும் மழலை தொடங்குகிறது. ஏறக்குறைய ஒரு வயதில் முதற்சொல்லும், ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் 'அம்மா வா', 'பால் வேணாம்' போன்ற இருசொல் தொடர்களும் வருகின்றன. செவிடான பெற்றோருக்குப் பிறந்து, சைகை மொழியையே கண்டு வளரும் செவிட்டுக் குழந்தைகள், வாயால் பிதற்றுவதற்குப் பதிலாகக் கைவிரல்களால் பிதற்றுவதை 1991-இல் மான்ட்ரியால் நகரத்தில் லாரா பெட்டிட்டோ என்பவர் கண்டறிந்து எழுதியிருக்கிறார். மொழிக்காக மூளை செய்யும் ஆயத்தம் நாவையோ செவியையோ மட்டும் நம்பியிருக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

இலக்கணம் எப்படி வருகிறது? 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அம்மையார், உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டி, 'இதன் பெயர் வக்' என்று சொல்லி, பிறகு அதே பிராணி இரண்டு உள்ள படத்தைக் காட்டினார். பெரும்பாலான குழந்தைகள் தயக்கமின்றி ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்து 'வக்ஸ்' என்றன. அந்தச் சொல்லை அவை முன்பின் கேட்டதே கிடையாது. ஆகவே அது கேட்டதைத் திருப்பிச் சொன்னதாகாது, விதியைப் பிரயோகித்ததே ஆகும். 'அவனுக்கு', 'அக்காவுக்கு' என்று கேட்டு வளர்ந்த தமிழ்க் குழந்தை 'எனக்கு' என்பதற்குப் பதிலாக 'நானுக்கு' என்று சொல்லிவிட்டால் வீட்டார் சிரிக்கிறார்கள். பெரியவர் யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான்காம் வேற்றுமை உருபு இன்னது, அது பெயரின் பின்னே ஒட்டும் என்பதை அந்தப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்து, விதிவிலக்கான இடத்திலும் அதைப் பொருத்திப் பார்த்திருக்கிறது. அந்தப் பிழையில் வெளிப்படுவது இலக்கண அறிவே.

மூளையில் மொழிக்கென்று தனி இடம் உண்டா என்ற கேள்விக்கும் இங்கே சுருக்கமாகப் பதில் சொல்லலாம். 1861-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் ப்ரோக்கா, 'டான்' என்ற ஓரசையைத் தவிர வேறொன்றும் பேச இயலாதிருந்த நோயாளியின் மூளையில் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார்; 1874-இல் வெர்னிக்கே என்ற மற்றொரு மருத்துவர், பேச்சைப் புரிந்துகொள்ளும் சக்தி இடப்பக்கத்தில் செவிக்கு அருகிலுள்ள பகுதியைச் சார்ந்தது என்று விளக்கினார். 2002-இல் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் மூன்று மாதக் குழந்தைகளின் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் ஆராய்ந்தபோது, பேச்சைக் கேட்கையில் அந்த வயதிலேயே இடப்பக்கம் அதிகமாகக் கிளர்ச்சியடைவதைக் கண்டார்கள். ஆயினும் இந்த ஏற்பாடு மாற்ற முடியாத விதி அன்று. பிறக்கும் தறுவாயில் பக்கவாதம் ஏற்பட்டு இடப்பக்கம் பழுதுபட்ட குழந்தைகள் பலருக்கு, வலப்பக்கமே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, அவர்கள் நன்றாகப் பேசும் நிலைக்கு வருகிறார்கள். அதே சேதம் ஐம்பது வயதில் நேர்ந்தால் இழந்த பேச்சை முழுதும் மீட்பது மிக அரிது.

இவ்வளவு சாமர்த்தியமுள்ள மூளைக்கு ஏதாவது ஒரு விதத்தில் பேச்சொலி காதில் விழுந்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். சியாட்டில் நகரத்தில் பட்ரீஷியா கூல் என்ற அம்மையார் 2003-இல் வெளியிட்ட முடிவு இதற்கு மறுக்க முடியாத பதில். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுவோர் நான்கு வார காலத்தில் பன்னிரண்டு முறை, முறைக்கு இருபத்தைந்து நிமிஷம், பொம்மை காட்டி விளையாடியும் புத்தகம் படித்துக்காட்டியும் பேசினார்கள். சீன மொழிக்கே உரிய ஓர் ஒலி வேறுபாட்டை அக்குழந்தைகள், தைவானில் பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்குச் சமமாக அறிந்துகொண்டன. அதே மனிதர்கள், அதே பேச்சு, அதே கால அளவு. ஆனால் திரையில் காட்டப்பட்டபோதும், ஒலிப்பதிவாக மட்டும் கேட்கப்பட்டபோதும், குழந்தைகள் அணுவளவும் கற்கவில்லை. முகத்தைப் பார்த்து, கண் போன வழியே தன் கண்ணையும் செலுத்தி, தான் 'ங்கா' என்றால் பதிலுக்கு ஒருவர் சிரிப்பதைக் கண்டு கற்கவே குழந்தையின் மூளை அமைந்திருக்கிறது. சாப்பாடு ஊட்டுவதற்காகச் செல்போனைக் கையில் கொடுத்துவிடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டு மொழிகள் சேர்ந்து கேட்டால் குழந்தை குழம்பிவிடும் என்ற அச்சம் ஆதாரமற்றது. வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழும் பேசி வளரும் மதுரைப் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலம் தாழ்வதுதான் கஷ்டம். அமெரிக்காவில் குடியேறிய சீனரையும் கொரியரையும் 1989-இல் ஆராய்ந்த ஜான்ஸனும் நியூபோர்ட்டும், ஏழு வயதுக்குள் வந்தவர்கள் ஆங்கில இலக்கணத்தில் அந்நாட்டிலேயே பிறந்தவர்களுக்கு நிகராக விளங்க, அதற்குப் பின் வந்தவர்களின் தேர்ச்சி வயதுக்கேற்பக் குறைந்து போனதைக் கண்டார்கள். இரண்டாம் மொழிக்கே இப்படியானால், முதல் மொழியே கிடைக்காத பிள்ளையின் கதி என்ன?

இந்தக் கேள்வி வெறும் கற்பனையன்று. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை கணிசமான செவிக்குறையோடு பிறக்கின்றன. அக்குழந்தைகளும் முதல் சில மாதங்களில் மற்றவற்றைப் போலவே குரல் கொடுப்பதால், பெற்றோருக்குச் சந்தேகம் எழுவதில்லை. 'ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும்', 'தாத்தாவும் இப்படித்தான்' என்ற சமாதானங்களில் இரண்டு மூன்று வருஷங்கள் ஓடிவிடுகின்றன. மூளை மிகுந்த ஆவலோடு மொழியை எதிர்பார்க்கும் வருஷங்கள் அவையே. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செய்த ஆராய்ச்சி ஒன்று 1998-இல் வெளிவந்தது. ஆறு மாதத்திற்குள் குறை கண்டுபிடிக்கப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட மொழியில் வெகுவாக முன்னேறியிருந்ததை அது காட்டியது. முதல் மாதத்திற்குள் சோதனை, மூன்றாம் மாதத்திற்குள் நிர்ணயம், ஆறாம் மாதத்திற்குள் சிகிச்சை என்று மருத்துவர்கள் வகுத்திருக்கும் கணக்கு இந்த அநுபவத்தையே ஒட்டியது. தூங்கும் சிசுவின் காதில் சிறு கருவியொன்றை வைத்து, உட்செவி திருப்பி அனுப்பும் மெல்லிய எதிரொலியை அளக்கும் அச்சோதனைக்குச் சில நிமிஷங்களே பிடிக்கும். குழந்தைக்கு வலியும் இல்லை.

ஆகையால் பெற்றோர் செய்ய வேண்டியவை மூன்றே. குழந்தைக்கு மொழியைப் பாடமாகக் கற்பிக்க யாரும் மெனக்கெட வேண்டாம்; குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் மடியில் வைத்திருக்கும்போதும், புரியுமா புரியாதா என்று யோசிக்காமல், அதன் முகத்தைப் பார்த்து, தமக்கு எது சொந்த மொழியோ அதில் பேசிக்கொண்டே இருந்தால் போதும். பிறந்த முதல் மாதத்திற்குள் அதன் செவியைச் சோதித்து வைத்துவிட வேண்டும். பத்து மாதமாகியும் அசைகளை அடுக்கி மழலை பேசாத குழந்தையை, வீட்டுச் சமாதானம் எதையும் நம்பியிராமல், உடனே செவி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.